வாசனையால் பிரியும் துளசிகள்

மாடித் தோட்டத்தில் மூன்று தொட்டிகளை வரிசையாக வையுங்கள். ஒன்றில் இத்தாலியின் ஜெனோவா பேசில், அடுத்ததில் தாய்லாந்து பேசில், மூன்றாவதில் நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலை. தாவரவியலாளரிடம் கேட்டால் மூன்றுக்கும் ஒரே பெயரைத்தான் சொல்வார்: ஓசிமம் பேசிலிகம். லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் அது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்த்தால் இவை ஒரே செடி என்று மனம் ஒப்புக்கொள்ளாது. ஜெனோவா பேசிலில் பூவும் கிராம்பும் கலந்த மென்மையான மணம். தாய்லாந்து பேசிலில் பளிச்சென்று சோம்பு. திருநீற்றுப்பச்சிலையிலோ வீட்டுக்கு வீடு சற்றே மாறும் காட்டமான நறுமணம்.

துளசிக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள நினைப்பவர்கள் முதலில் மனதில் கொள்ள வேண்டியது இதைத்தான். இலையின் வடிவமும் நிறமும் பல நேரங்களில் நம்மை ஏமாற்றிவிடும். எந்த இரகம் எதற்கு உதவும் என்பதை வாசனைதான் சொல்லும். அந்த வாசனைகளில் எத்தனை விதம் நம்மிடம் இருக்கிறது என்பதில்தான் இந்தச் செடியின் எதிர்காலமும் இருக்கிறது.

ஒரே பேரினம், பல உறவுகள்

ஓசிமம் என்ற பேரினம் புதினா குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டினால் நான்கு பட்டைகள் தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக இணை இணையாக வரும். ஒவ்வொரு பூவும் உதிர்ந்த பிறகு நான்கு சிறு விதைகள் தங்கும். இந்த அடையாளங்கள் எல்லா உறவுகளுக்கும் பொது.

கோயிலிலும் வீட்டு மாடத்திலும் இருக்கும் துளசி, ஓசிமம் டெனுயிஃப்ளோரம். அதிலேயே பச்சை இலையுள்ள வெண்துளசி, ஊதா படர்ந்த கருந்துளசி என்று இரு வகைகள் உண்டு. வயல் வரப்பிலும் தரிசிலும் தானாக முளைக்கும் நாய்த்துளசி, ஓசிமம் அமெரிக்கானம். ஆள் உயரத்துக்குப் புதராக வளரும் எலுமிச்சந்துளசி, ஓசிமம் கிராட்டிசிமம். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கற்பூரத்துளசியின் அறிவியல் பெயரிலேயே கிளிமஞ்சாரோ மலை இருக்கிறது. சமையலறைக்குப் போகும் பேசில் வகைகளில் பெரும்பாலானவை, நம் திருநீற்றுப்பச்சிலை அடங்கிய ஓசிமம் பேசிலிகத்தின் பயிர் இரகங்கள்.

இந்த உறவுகள் மரபணு அளவில் வெகுதூரம் விலகியிருக்கின்றன. துளசியின் மரபணுத் தொகுதியை லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனமும் (சிமாப்), பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்களும் தனித்தனியாகப் படித்து 2015இல் வெளியிட்டார்கள். அதன் அளவு சுமார் 38 கோடி எழுத்துகள். பேசிலின் தொகுதியோ ஏறத்தாழ 200 கோடி எழுத்துகள். பேசிலில் குரோமோசோம் தொகுப்புகள் இரண்டுக்குப் பதில் நான்கு இருக்கின்றன என்பது இந்தப் பருமனுக்கு ஒரு முக்கியக் காரணம்.

இலையின் மேல் ஒரு தொழிற்கூடம்

கைப்பிடி உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும்; பேசில் இலையின் அடிப்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பளபளக்கும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி. நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் தலையில் நான்கு செல்கள், உரித்த பழத்தின் சுளைகள்போல் ஒட்டியிருக்கும். அவை தயாரிக்கும் எண்ணெய் மேலே மூடியிருக்கும் மெல்லிய படலத்துக்கு அடியில் தேங்குகிறது. விரல் பட்டாலோ, பூச்சி கடித்தாலோ படலம் கிழிந்து மணம் வெளிப்படும். இலையைச் சாப்பிட வரும் பூச்சிகளை விரட்டத்தான் செடி இத்தனை பாடுபடுகிறது; நாம் அதையே விரும்பிச் சாப்பிடுகிறோம்.

இந்த நான்கு செல்களுக்குள் இரண்டு வேதிப் பாதைகள் ஓடுகின்றன. ஒன்று, ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி யூஜினால், மெத்தில் சாவிகால், மெத்தில் சின்னமேட் ஆகியவற்றில் முடிவது. மற்றொன்று டெர்பீன் பாதை. அதில் லினலூல், சிட்ரால் போன்றவை பிறக்கின்றன. எந்தப் பாதை வேகமாக ஓடுகிறது, அதன் கடைசிப் படியில் எந்த நொதி நிற்கிறது என்பதே ஓர் இரகத்தின் மணத்தை முடிவு செய்கிறது.

இதில் வியப்பான ஒரு விவரம் உண்டு. யூஜினாலை மெத்தில் யூஜினாலாக மாற்றும் நொதியும், சாவிகாலை மெத்தில் சாவிகாலாக மாற்றும் நொதியும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. அவற்றின் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களில் ஒரே ஓர் இடத்தில் உள்ளதை மாற்றினால், நொதி எந்த மூலப்பொருளை விரும்புகிறது என்பதே மாறிவிடுகிறது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு இதைக் காட்டியது. ஒரு செடியில் கிராம்பு வாடையும் பக்கத்துச் செடியில் சோம்பு வாடையும் வீசுவதற்கு இவ்வளவு சிறிய மாற்றங்களே அடிப்படை. தற்செயலாக நிகழ்ந்த இத்தகைய மாற்றங்களில் தமக்குப் பிடித்த மணத்தை ஒவ்வொரு நாட்டு மக்களும் தேர்ந்தெடுத்து, விதை எடுத்து, தலைமுறை தலைமுறையாகக் காத்ததால்தான் இத்தனை இரகங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

எந்த மணம், எந்த இரகம்?

லினலூல் மேலோங்கியவை ஐரோப்பிய இனிப்பு பேசில்கள். இவற்றில் புகழ்பெற்றது ஜெனோவா இரகம். குவிந்த, வழவழப்பான, வெளிர்பச்சை இலை. இத்தாலியின் லிகூரியா கடற்கரையில் விளையும் இந்தப் பேசிலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் புவிசார் பாதுகாப்பு வழங்கியது. பெஸ்தோ என்ற துவையலுக்கு, செடி இளசாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். வயதும் இங்கே மணத்தைத் தீர்மானிக்கிறது. 10 சென்டிமீட்டர் உயரம்வரை மெத்தில் யூஜினால் அதிகம் இருக்கும். அதற்கு மேல் வளர்ந்தால் யூஜினால் கூடும். நாபோலி இரகத்துக்கு உள்ளங்கை அகலத்தில் சுருக்கம் விழுந்த இலைகள் உண்டு. கிரேக்கப் புதர் பேசிலோ நகத்தளவே இருக்கும் இலைகளால் பந்துபோல் அடர்ந்து நிற்கும். போர்ச்சுகலின் லிஸ்பனில், ஜூன் மாதப் புனித அந்தோணியார் விழாவில் அந்தக் குட்டிச் செடியைத் தொட்டியோடு காதலிக்குப் பரிசளிப்பது வழக்கம்.

மெத்தில் சாவிகால் ஓங்கியவை சோம்பு வாடை வீசுபவை. தாய்லாந்தில் ஹோரபா என்று அழைக்கப்படும் பேசில் இதற்கு நல்ல உதாரணம். ஊதாத் தண்டு, கூரான இலை, கெட்டியான பூங்கொத்து. வியட்நாமில் நூடுல்ஸ் சூப்போடு தனித் தட்டில் பச்சையாக வைப்பதும் இவ்வகையே.

மெத்தில் சின்னமேட் கொண்டது இலவங்கப்பட்டை பேசில். சிட்ரால் மிகுந்தது எலுமிச்சை பேசில். எலுமிச்சைப் புல்லின் மணமும் அதே சிட்ரால்தான். திருநீற்றுப்பச்சிலையின் இனமும் நாய்த்துளசியின் இனமும் கலந்து பிறந்த வாரிசு இது. இந்தோனேசியாவில் கெமாங்கி என்ற பெயரில், சம்பல் என்ற மிளகாய்த் துவையலோடு பச்சையாகச் சாப்பிடுகிறார்கள். தாய்லாந்தில் இதற்குப் பெயர் மெங்லக்.

யூஜினால் ஓங்கியவற்றில் நம் துளசி முன்வரிசையில் நிற்கிறது. பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைக்கும்போது உணரும் காரமும் யூஜினால்தான். நாம் பூசைக்கும் கஷாயத்துக்கும் வைத்திருக்கும் துளசி, தாய்லாந்தில் கப்ராவ் என்ற பெயரில் அன்றாடச் சமையல் கீரை. மிளகாய், பூண்டு, இறைச்சியோடு கொதிக்கும் எண்ணெயில் போட்டாலும் அதன் காரம் தாங்கி நிற்கும். ஜெனோவா பேசிலை அப்படி வதக்கினால் மணம் ஆவியாகிவிடும். அடுப்பை அணைத்த பிறகே அதைச் சேர்க்க வேண்டும். எந்த இலையை எப்போது போடுவது என்பது சமையல்காரரின் விருப்பம் மட்டுமல்ல, இலையின் வேதியியலும் அதைக் கட்டளையிடுகிறது.

ஊதா இலை இரகங்கள் கண்ணுக்காக வளர்க்கப்பட்டவை. ஆந்தோசயனின் என்ற நிறமி அவற்றுக்கு நிறம் தருகிறது. டார்க் ஓபல் என்ற இரகத்தை அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 1950களில் உருவாக்கினார்கள். பிறகு ஒஹாயோ மாநிலத்தில் அது கற்பூரத்துளசியோடு தானாகக் கலந்து ஆப்பிரிக்க நீலப் பேசில் பிறந்தது. அது விதை வைக்காது; கிளையை ஒடித்து நட்டுத்தான் பெருக்க வேண்டும். விதைக்குப் போகாததால் மாதக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும், தேனீக்கள் மொய்த்தபடியே இருக்கும்.

கோடைக்கு ஒரு விதை

திருநீற்றுப்பச்சிலையின் விதைதான் சப்ஜா. எள்ளைவிடச் சிறிய கறுப்பு விதையைத் தண்ணீரில் போட்டால், சில நிமிடங்களில் சுற்றிலும் கண்ணாடிபோன்ற கூழ் படர்ந்து பல மடங்கு உப்பிவிடும். விதையின் வெளித்தோல் செல்களில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் பாலிசாக்கரைடு நார்கள் தண்ணீரை இழுத்துக்கொண்டு விரிவதால் இது நிகழ்கிறது. மண்ணில் விழுந்த விதை இடம் நகராமல் ஒட்டிக்கொள்ளவும், முளைக்கும்வரை ஈரத்தைப் பிடித்து வைக்கவும் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. பலூடாவிலும் ரோஸ்மில்க்கிலும் நாம் சுவைப்பது அந்த ஏற்பாட்டைத்தான். மாடத்துத் துளசியின் விதை இந்த அளவுக்கு உப்பாது. சப்ஜா வேண்டுமென்றால் திருநீற்றுப்பச்சிலையைத்தான் விதைக்க வேண்டும்.

எண்ணெய்க்காக ஒரு சாகுபடி

இந்தியாவில் வாசனையைக் கணக்குப் போட்டு இரகம் தேர்வது ஓர் அறிவியலாகவே வளர்ந்திருக்கிறது. லக்னோ சிமாப் நிறுவனம் வெளியிட்ட இரகங்களைப் பார்த்தால் இது புரியும். சிம்-சௌம்யா, மெத்தில் சாவிகாலும் லினலூலும் தருவது; சுமார் மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். சிம்-சுரபி லினலூலுக்கு, சிம்-ஸ்னிக்தா மெத்தில் சின்னமேட்டுக்கு, சிம்-ஜோதி சிட்ராலுக்கு, துளசி இனத்தில் சிம்-ஆயு யூஜினாலுக்கு. வட மாநில விவசாயிகள் இவற்றைக் குறுகிய காலப் பயிராகப் பயிரிட்டு, வயலோரத்திலேயே நீராவியில் எண்ணெய் வடித்து விற்கிறார்கள். வாங்குபவர் இலையைப் பார்ப்பதில்லை. எண்ணெயில் எந்தப் பொருள் எவ்வளவு என்றுதான் கேட்கிறார். கென்யாவின் ககமேகா காட்டையொட்டி வாழும் மக்கள், கற்பூரத்துளசி எண்ணெயிலிருந்து சளித் தைலம் செய்து விற்பதும் இதே வழியில்தான்.

ஒற்றை இரகத்தை நம்பியதன் விலை

இத்தனை வகைகள் இருந்தும், ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைகள் பல ஆண்டுகளாக ஜெனோவா வகை இனிப்பு பேசிலையே நம்பியிருந்தன. அதன் விளைவு அடிச்சாம்பல் நோயின் வடிவத்தில் வந்தது. பெரோனோஸ்போரா பெல்பாரியை என்ற நோய்க்கிருமி தாக்கினால் இலையின் மேற்புறம் மஞ்சளாகும். சத்துக் குறைவு என்றுதான் முதலில் தோன்றும். இலையைத் திருப்பினால் சாம்பல் ஊதா நிறத்தில் பூசணப் படலம். 1930களில் உகாண்டாவில் பதிவான இந்த நோய் 2001இல் சுவிட்சர்லாந்திலும் 2007இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் தலைகாட்டியது. பிறகு சில ஆண்டுகளுக்குள் பேசில் விளையும் நாடுகள் பலவற்றில் பரவி, வயல் வயலாக அறுவடையை அழித்தது.

மீட்பு, சந்தை கண்டுகொள்ளாத செடிகளிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தினர், சான்சிபார் தீவைச் சேர்ந்த மிரிஹானி என்ற பேசிலில் எதிர்ப்புத் திறனைக் கண்டு, அதை இனிப்பு பேசிலோடு கலந்து டிவோஷன், அப்செஷன் முதலிய இரகங்களை உருவாக்கினார்கள். இஸ்ரேலின் பார் இலான் பல்கலைக்கழகத்தினர் இன்னும் தூரத்து உறவைத் தேடிப் போனார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஓசிமம் அமெரிக்கானம், அதாவது நம் வரப்பில் மிதிபடும் நாய்த்துளசியின் இனம். முதல் கலப்புச் செடிகளின் மலட்டுத்தன்மை பெரிய தடையாக இருந்தது. விடாமல் இனிப்பு பேசிலோடு திரும்பத் திரும்பக் கலந்து, எதிர்ப்பு மரபணுவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். களை என்று பிடுங்கிப் போடும் ஒரு செடியின் இனம், உலகச் சந்தைக்குப் போகும் ஒரு பயிரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

தமிழ்நாட்டில் இப்போது நாற்றுப் பண்ணைகளில் ஜெனோவா பேசில் சுலபமாகக் கிடைக்கிறது. வளர்ப்பதில் தவறில்லை. ஆனால் பேச்சுவழக்கில் துன்னூத்துப்பச்சிலை என்று பாட்டிமார் அழைக்கும் செடி, தோட்டங்களிலிருந்து மெல்ல மறைந்துவருகிறது. அது ஓர் ஊரின் வெயிலுக்கும் மழைக்கும் பழகி, அந்த ஊரார் விரும்பிய மணத்துக்காகக் காக்கப்பட்ட நாட்டு இரகம். அதன் எண்ணெயில் என்ன இருக்கிறது, எந்த நோயைத் தாங்கும் என்பதெல்லாம் ஊர்வாரியாகத் தேடி அறிய வேண்டியவை. தேடுவதற்குச் செடி இருக்க வேண்டும்.

அதைக் காப்பது கடினமான வேலையல்ல. பூக்காத நுனிக்கிளையை ஒடித்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஒரு தம்ளர் தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். இலை வேண்டுமென்றால் பூங்கொத்தைக் கிள்ளிக்கொண்டே இருங்கள். விதை வேண்டுமென்றால் காய விடுங்கள். பக்கத்தில் வேறு பேசில் பூத்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். எனவே விதைக்கு விடும் செடியை மெல்லிய துணியால் மூடுங்கள், அல்லது ஒரு பருவத்துக்கு ஒரே இரகத்தைப் பூக்க விடுங்கள். பறித்த பேசில் இலையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் இலையின் செல்கள் சிதைந்து கறுத்துவிடும். தண்டைத் தண்ணீரில் நிறுத்தி வெளியிலேயே வையுங்கள்.

விதைக்குச் செடி தேரும்போது உயரத்தையும் இலையின் அகலத்தையும் மட்டும் பார்த்து நிறுத்திவிட வேண்டாம். ஒவ்வொரு செடியிலும் ஓர் இலையைக் கசக்கி முகருங்கள். மணம் நிறைந்ததன் விதையை எடுத்து, ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள், பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் கொடுங்கள். ஜெனோவாவிலும் சான்சிபாரிலும் தாய்லாந்திலும் பேசில் இரகங்கள் உருவானது இந்த எளிய வேலையால்தான். நம் ஊர் மணங்களுக்காக அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.