மரணப் படுக்கையைச் சூழும் மௌனம்

மரணம் உடலுக்கு நேரும் நிகழ்வு மட்டுமன்று. மனிதர் உறவுகளுக்குள் நிகழ்வதும் ஆகும். அமெரிக்கச் சமூகவியலாளர்களான பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் சான் பிரான்சிஸ்கோ வட்டார மருத்துவமனைகளில் ஆய்ந்து 1965இல் வெளியிட்ட நூல் இதனை விளக்குகிறது. மரணத்தை நெருங்கும் நோயாளியைச் சூழ நான்கு நிலைகளை அவர்கள் கண்டனர். பிறர் அறிந்திருக்க, நோயாளி மட்டும் அறியாதிருப்பது முதல் நிலை. அவர் ஐயுறத் தொடங்குவது இரண்டாவது. இரு சாராரும் அறிந்தும் அறியாதவர்போல் நடந்துகொள்வது மூன்றாவது. வெளிப்படையாகப் பேசிக்கொள்வது நான்காவது.

அக்காலத்தில் மறைப்பதே வழக்கமாயிருந்தது. 1961இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் ஏறத்தாழ 90 விழுக்காடு மருத்துவர்கள் புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை. 1979இல் வெளியான ஆய்விலோ 97 விழுக்காட்டினர் சொல்லவே விரும்பினர்.

மறைப்பவரின் நோக்கம் அன்பே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மூன்றாம் நிலையில் நோயாளி உறவினர் நடுவிலேயே தனிமையடைகிறார். கடனைத் தீர்க்கவும், வஸிய்யத் செய்யவும், மன்னிப்புக் கோரவும் உள்ள அவகாசம் கைநழுவுகிறது. எவ்வளவு சொல்வது என்பதை நோயாளியின் விருப்பமே தீர்மானிக்கட்டும். அவ்விருப்பத்தைக் கேட்டறிவது நம் கடமை.