பேட்டரிக்கு எமன் பனியா, வெயிலா?



மார்கழி மாதம், விடியற்காலை நாலு மணி. அத்தைக்குப் பிரசவ வலி. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். மாமா தன் பழைய வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினார். 'டக்... டக்...' அவ்வளவுதான்! தெருவே திரண்டு வந்து தள்ளு தள்ளென்று தள்ளி, செகண்ட் கியரில் கிளட்சை விட்ட பிறகுதான் வண்டிக்கு உயிர் வந்தது. நல்லவேளை, தாயும் சேயும் நலம்.

"எல்லாம் இந்தப் பனியால வந்த வினைடா" என்றார் மாமா. நானும் தலையாட்டினேன். ஆனால் மறுநாள் பேட்டரி மூடியைத் திறந்தபோது உண்மையான குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பேட்டரியைப் பார்த்துவிடுவோம்.

உள்ளே நடப்பது என்ன?

1859-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரியின் வாரிசுதான் இன்றும் நம் கார்களில் இருக்கிறது. உள்ளே ஆறு செல்கள். ஒவ்வொன்றிலும் ஈய டை ஆக்சைடு தகடு, ஈயத் தகடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம். செல்லுக்கு சுமார் 2.1 வோல்ட், ஆறுக்கும் சேர்த்து 12.6 வோல்ட். கரண்ட் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறும், அமிலம் நீர்த்துப் போகும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். பல நாள் சார்ஜ் இல்லாமல் போட்டுவிட்டால் அந்த சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் கரையாது.

எமன் யார்?

குளிரில் ரசாயன மாற்றம் மந்தமாகும். இன்ஜின் ஆயிலும் கெட்டியாகி ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அதிக கரண்ட் கேட்கும். நாமக்கல்லிலிருந்து காஷ்மீருக்கு லோடு ஏற்றிப் போகும் டிரைவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் 10 டிகிரி வாக்கிலேயே உறைந்து வெடிப்பு விடும். முழு சார்ஜில் இருப்பதோ மைனஸ் 50-ஐத் தாண்டினாலும் உறையாது. ஆகவே குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரே மந்திரம்: முழு சார்ஜ்!

ஆனால் நம்ம ஊர் மார்கழி என்பது 20 டிகிரி சமாச்சாரம். அது நல்ல பேட்டரியை ஒன்றும் செய்யாது. இங்கே எமன் கத்திரி வெயில்தான். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. நேர்மின் தகட்டின் சட்டம் அரிக்கும், தண்ணீர் வற்றும், வெளியே தெரியும் தகடு காய்ந்து வீணாகும். மே மாதத்தில் பட்ட காயம் உடனே தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வைப்பரும் ஹெட்லைட்டும் ஓட, வண்டி பல நாள் சும்மா நிற்க, இருந்த கொஞ்ச சார்ஜும் போய் மார்கழியில் மண்டையைப் போடும். பழி மட்டும் பனிக்கு!

உப்பளக் காற்று செய்யும் வேலை

ஈசிஆர் ஓரம் பாத்தி பாத்தியாய் உப்பு விளையும் ஊர் நம்முடையது. ஈரமான உப்புக் காற்று பேட்டரி மேல் படிந்து, அமிலக் கசிவோடும் தூசியோடும் சேர்ந்து இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஒரு திருட்டுப் பாதை போட்டுவிடும். வண்டி ஓடாமலே கரண்ட் கசியும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும். அதற்கு வைத்தியம் இதோ:

1. முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும்.

2. செல் மூடிகளை இறுக மூடிவிட்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் மேலே கழுவுங்கள். சோடா உள்ளே போனால் அமிலம் கெடும். துடைத்து, கேபிளை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள்.

3. தண்ணீர் ஊற்றும் வகை என்றால் கோடையில் மாதம் ஒருமுறை மட்டம் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்! அமிலம் கூடாது, ஏனெனில் வற்றுவது தண்ணீர்தான்.

4. இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். சார்ஜ் இருந்தும் ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் புது பேட்டரிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.

5. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

6. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பாதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நாம் மறக்க முடியுமா? அப்படி நனைந்த வண்டியில் முதலில் மெக்கானிக்கைக் கொண்டு நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்கும்போது

கார் கையேட்டில் சொன்ன ஆம்பியர்-அவர் அளவையே வாங்குங்கள். 35 என்றால் 1.75 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்று பொருள். நெகட்டிவ், பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மாறினால் கேபிள் எட்டாது. தயாரித்த மாதத்தைக் கேளுங்கள்; கடையில் தூங்கிய பேட்டரிக்கு ஆயுள் குறைவு. சிக்னலில் தானே நின்று தானே ஓடும் கார்களுக்குத் தனி ரக பேட்டரி உண்டு. சாதாரணத்தை மாட்டினால் சீக்கிரம் போய்விடும். பழையதைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். விலையும் குறையும், ஈயமும் மண்ணில் கலக்காது.

சரி, குற்றவாளி யார்?

அடியேன்தான்! போன மே மாதம் தண்ணீர் குறைந்திருந்தது. டிஸ்டில்டு வாட்டர் வாங்கச் சோம்பல்பட்டு வீட்டுக் கைபம்பு தண்ணீரை ஊற்றினேன். நம்ம கடற்கரைத் தண்ணீரில் குளோரைடு. அது நேர்மின் தகட்டை அரித்துத் தின்னும். நீர்மூழ்கிக் கப்பல் பேட்டரியில் கடல் நீர் புகுந்தால் குளோரின் விஷவாயுவே கிளம்பும் என்று பின்னால் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

மாமாவிடம் உண்மையைச் சொல்ல ஒரு வாரம் ஆனது. அவர் திட்டவில்லை. "உப்பளத்துக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு, உப்புத் தண்ணி எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாதுன்னு தெரியலையேடா!" என்றார். அந்த ஒரு வரி எந்த வைவாவிலும் நான் வாங்காத அடி.

ஆகவே நண்பர்களே, மார்கழிக்குக் காத்திருக்காதீர்கள். பங்குனியிலேயே பானெட்டைத் திறந்து பாருங்கள். விடியற்காலை நாலு மணிக்கு யார் வீட்டுக்கு வண்டி தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது!