வாய்ப் புற்றுநோயும் சிகிச்சைக் குழுவும்

நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து துணைசெய்வோர் ஆகிய நால்வகையினையும் மருத்துவத்தின் கூறுகளெனத் திருவள்ளுவர் வகுத்தார். அவற்றுள் நான்காவது கூறு இக்காலப் புற்றுநோய்ச் சிகிச்சையிற் பல கிளைகளாக விரிந்துள்ளது. ஆயினும் நோயாளர் பலர் வைத்திய நிபுணர் ஒருவரையே சிகிச்சையெனக் கொண்டு, ஏனையோரிடம் வாய்திறவாது திரும்புகின்றனர்.

இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். வெற்றிலையுடன் பாக்கும் புகையிலையும் மெல்லும் வழக்கம் இதற்கு முக்கிய காரணம்; புகையிலை கலவாத பாக்குந்தான் தீங்கற்றதன்று. புண்ணிலிருந்து எடுத்த சிறு துண்டத்தை நுணுக்குக்காட்டியில் ஆராயும் நோயியல் நிபுணர் இன்ன நோயென்று உரைத்த பின்னரே சத்திரசிகிச்சையா, கதிர்ச்சிகிச்சையா, இரண்டுமா என்பது தீர்மானிக்கப்படும். நோயாளி பெரும்பாலும் இவரைக் காண்பதேயில்லை. கதிரின் அளவைக் கணிக்கும் மருத்துவப் பௌதிகவியலாளரும் அவ்வாறே மறைவில் உழைப்பவர்.

இக்குழுவிற் பல்வைத்தியரும் இருத்தல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். கதிர்பட்ட தாடையெலும்பிற் குருதியோட்டம் குன்றிவிடுகின்றது. பின்னர் ஒரு பல்லைப் பிடுங்கினாலும் அப்புண் ஆறாது, எலும்பே அழிந்துபோதல் கூடும். ஆகவே, காப்பாற்ற இயலாத பற்களை முன்னரே அகற்றி, புண் ஆறுதற்குக் காலம் விடுதல் வேண்டும். கதிர்ச்சிகிச்சை தொடங்குமுன் பல்லைப் பற்றிக் கேளாதிருத்தல் பெரும் பிழையாகும்.

இச்சிகிச்சை பொதுவாக வாரத்தில் ஐந்து நாளாக ஆறேழு வாரம் நடைபெறும். இடையில் வாய் புண்ணாகி விழுங்குதல் அரிதாகும். எவ்வுணவை எப்பதத்தில் உண்பதென்று போசணையாளர் கூறுவர். விழுங்கவும் பேசவும் பேச்சுச் சிகிச்சையாளர் பயிற்றுவர். சிகிச்சையை நடுவில் விட்டால், எஞ்சிய நோய்க்கலங்கள் அவ்விடைவெளியிற் பெருகும். விடுவதற்குக் காரணம் பலவேளைகளில் நோயன்று, வழிச்செலவும் தங்குமிடமுமே. அதனை வைத்தியரிடம் சொல்ல நாணுவோர் தாதியரிடமேனும் சமூகசேவை உத்தியோகத்தரிடமேனும் தயங்காது சொல்லலாம். மருந்தேற்றப்பட்டவர்க்கு 38 பாகை செல்சியசு காய்ச்சல் கண்டால், விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டுமென்று எச்சரிப்போரும் தாதியரே.

நோவு தணிக்கும் வைத்தியம் இறுதி நாட்களுக்கே உரியதென்னும் எண்ணம் இன்னும் நீங்கவில்லை. இத்துறைக்கு வழிகாட்டிய சிசிலி சோண்டேர்சு அம்மையார் முதலில் தாதி, பின்னர் வைத்தியசாலைச் சமூகசேவையாளர், 1957இல் வைத்தியர். 1967இல் இலண்டனிற் புனித கிறித்தோபர் இல்லத்தைத் திறந்தார். நோவு உடலை மட்டுமன்றி உள்ளத்தையும் குடும்பத்தையும் பற்றுவதென அவர் கண்டது மூன்று நிலைகளிலும் நோயாளியின் அருகிருந்ததனாலாகும். இன்று அவ்வைத்தியம் சிகிச்சை தொடங்கும்போதே உடன் வழங்கத்தக்கதாகக் கருதப்படுகின்றது.