கருப்பட்டி இளகாமல் காக்கும் சுண்ணாம்பு

தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடி, திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதித் தேரி நிலங்களில் பனை மிகுதி. பங்குனி முதல் ஆடி வரை பதநீர் இறக்கி, விடிலியில் காய்ச்சிக் கருப்பட்டி தயாரிக்கின்றனர். சில நாட்களில் எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகுவதில்லை. பனையேறியின் உழைப்பும் விறகும் வீணாகின்றன.

காரணம் என்ன?

புதுப் பதநீரிலுள்ள இனிப்பில் பெரும்பகுதி சுக்ரோஸ். இது இறுகும் தன்மையுடையது. பதநீரில் சேரும் ஈஸ்ட், இன்வர்ட்டேஸ் என்ற நொதியை உண்டாக்கி, சுக்ரோசைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிக்கிறது. இவை மிகுந்தால் கருப்பட்டி ஈரத்தை இழுத்து இளகும்.

இந்நொதியை 1860இல் பிரெஞ்சு அறிஞர் பெர்தலோ ஈஸ்டிலிருந்து பிரித்தெடுத்தார். மிட்டாய்த் தொழிலுக்காக இன்று இது ஆலைகளில் தயாரிக்கப்படுகிறது. அங்கே சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம், 5ஐ ஒட்டிய கார அமில நிலை, காற்றோட்டம், சிறிது சிறிதாக ஊட்டும் சர்க்கரை ஆகியவற்றை அமைத்து ஈஸ்டை வளர்க்கின்றனர்.

பனையில் கட்டிய கலயத்தில் வெப்பமும் உணவும் தாமாகவே அமைகின்றன. பாக்டீரியாக்கள் புளிக்கச் செய்வதால் அமில நிலையும் வந்துவிடுகிறது. சுண்ணாம்பு பதநீரைக் காரமாக வைத்து, ஈஸ்டின் வளர்ச்சியையும் நொதியின் வேலையையும் ஒடுக்குகிறது.

செய்ய வேண்டியவை

1. கலயத்தில் தங்கும் பழைய பதநீரே ஈஸ்டுக்கு விதை. கலயத்தை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.

2. கலயத்தின் உட்புறம் முழுவதும் புதிதாக நீற்றிய சுண்ணாம்பைப் பூச வேண்டும். நாட்பட்ட சுண்ணாம்பு காற்றுப்பட்டு வீரியம் இழந்திருக்கும். அளவு மிஞ்சினால் கருப்பட்டியின் நிறமும் சுவையும் கெடும்.

3. ஒரு கலயத்துப் புளிப்பு ஒரு தாச்சியையே கெடுக்கும். ஊற்றுமுன் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துப் பார்க்கலாம். நீலமாக மாறினால் பதநீர் காரமாக உள்ளது. மாறாவிட்டால் தனியே வைக்கவும்.

4. இறக்கியதும் தெளியவிட்டு, வடிகட்டி, தாமதமின்றிக் காய்ச்ச வேண்டும். 50 முதல் 60 டிகிரி வெப்பத்தில் நொதி மிக விரைவாக வேலை செய்யும். 70 டிகிரிக்கு மேல் அழியும். ஆகவே இளஞ்சூட்டில் போட்டு வைக்காமல் விரைவில் கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

புளித்தபின் சுண்ணாம்பு சேர்ப்பதால் பயனில்லை. பிரிந்துபோன சுக்ரோஸ் மீண்டும் கூடாது. அமிலம் கலந்த பதநீரைக் கொதிக்கவைத்தால் எஞ்சிய சுக்ரோசும் பிரியும். மாலையில் கலயம் கட்டும்போது காட்டும் கவனமே மறுநாள் கருப்பட்டியின் தரத்தை நிர்ணயிக்கிறது.

மேலும் விவரங்களுக்குக் கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரியை அணுகலாம்.