கண்ணசைவுச் சிகிச்சை: எதைக் கேட்டுப் பெற வேண்டும்?

சாலை விபத்து, பாலியல் வன்முறை, வெள்ளம், போர் என எதில் சிக்கி மீண்டாலும் பெரும்பாலோர் நாளடைவில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் நடந்தது முடிந்துபோனதாக ஆவதே இல்லை. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் உடம்பு விறைத்துப்போகிறது. நடுராத்திரியில் திடுக்கிட்டு விழித்தால் மறுபடி தூக்கம் பிடிப்பதில்லை. விபத்து நடந்த சாலையைத் தவிர்க்க ஊரைச் சுற்றிப் போகிறார்கள். ஒரு மாதத்தைத் தாண்டியும் இது நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால், அது பி.டி.எஸ்.டி. என்னும் நோயாக இருக்கலாம். ‘மனசைத் திடப்படுத்திக்கொள்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிற விஷயமல்ல அது. சிகிச்சை உள்ள நோய். அந்தச் சிகிச்சைகளில் ஒன்றுதான் ஈ.எம்.டி.ஆர். என்னும் கண்ணசைவுச் சிகிச்சை. இது பலன் தருகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பலன் தருவது முழுச் சிகிச்சை; கண்ணுக்கு முன்னால் ஆடும் விரல் மட்டும் அல்ல. இந்த வேறுபாடு தெரியாதவரிடம் பாதிச் சிகிச்சையை முழு விலைக்கு விற்றுவிடலாம்.

அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாபிரோ இதற்கான முதல் ஆய்வை 1989-இல் வெளியிட்டார். பின்னர் அது எட்டுக் கட்டங்கள் கொண்ட முறையாக வளர்ந்தது. தொடக்கத்தில் விரல் அசைவதே இல்லை. வந்தவரின் வரலாற்றைக் கேட்பதும், மனம் கலங்கும்போது தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதுமே முதல் வேலை. அதற்குப் பிறகுதான் வேதனை தரும் ஒரு நினைவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் மிக மோசமான காட்சி எது, அதை நினைக்கும்போது தன்னைப் பற்றி என்ன தோன்றுகிறது, உடம்பில் எங்கே இறுக்குகிறது, வேதனைக்கு 0 முதல் 10 வரை எத்தனை மதிப்பெண் என்று சிகிச்சையாளர் கேட்பார். பிறகு, அந்தக் காட்சியை மனத்தில் வைத்தபடியே, வலமும் இடமுமாக அசையும் அவர் விரல்களைக் கண்ணால் தொடர வேண்டும். அரை நிமிடம்போல் ஆனதும் விரல் நிற்கும். ‘மூச்சு விடுங்கள். இப்போது என்ன தோன்றுகிறது?’ சொன்னதை விவாதிக்காமல், அதிலிருந்தே அடுத்த சுற்று. மதிப்பெண் 0-க்கோ அதன் அருகிலோ இறங்கும்வரை இது தொடரும். ஒரே அமர்வில் இறங்காமலும் போகலாம். நடந்ததை விலாவாரியாக வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை என்பது இதன் பெரிய ஆறுதல். காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் திரும்பத் திரும்பச் சொல்லி ஓய்ந்துபோன ஒரு பெண்ணுக்கு இந்த ஒன்றே எவ்வளவு பெரிது!

விரலைப் பார்த்தால் வேதனை குறையுமா என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். விஞ்ஞானிகளே அதைத்தான் கேட்டார்கள். 2001-இல் டேவிட்சனும் பார்க்கரும் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சிகிச்சை பலன் தருகிறது, ஆனால் கண்ணசைவு அதற்குத் தேவைப்படுவதாகத் தெரியவில்லை என்றார்கள். 2013-இல் லீயும் கைப்பர்ஸும் செய்த தொகுப்பாய்வு, கண்ணசைவுக்கும் தனிப் பங்கு உண்டு என்றது. இன்று பலர் ஏற்கும் விளக்கம் இது: ஒரே நேரத்தில் மனம் கையாளக்கூடியதற்கு ஓர் அளவு உண்டு, நினைவும் விரலும் அந்த இடத்துக்குப் போட்டியிடும்போது நினைவின் கூர்மை மழுங்குகிறது. விவாதம் இன்னும் முடியவில்லை. எப்படிப் பலன் தருகிறது என்பதில்தான் சண்டை. பலன் தருகிறதா என்பதில் அந்த அளவுக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் இதைப் பரிந்துரைத்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் பரிந்துரைத்தபோது, போர்க்களத்தில் ஏற்பட்ட மனக்காயத்தை விலக்கிவைத்தது. பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் உள்ளவர்களே, சரிபார்க்கப்பட்ட கையேட்டின்படி, வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகளில் தர வேண்டும் என்றும் வகுத்தது. ஆதரவாக நிற்கும் சான்றெல்லாம் இப்படி முறையாகத் தரப்பட்ட சிகிச்சைக்கானது. ‘ஒரே அமர்வில் குணம்’ என்ற விளம்பரத்துக்கோ, செல்போனில் ஓடும் புள்ளியைப் பார்க்கச் சொல்லும் செயலிக்கோ அந்தச் சான்றைக் கடன் கொடுக்க முடியாது.

பாதிச் சிகிச்சையால் பணம் மட்டுமா போகும்? நினைவைக் கிளறிவிட்டு, அமைதிப்படுத்தாமல் வீட்டுக்கு அனுப்பினால் அன்றிரவு அவர் தனியாக அதோடு போராட வேண்டும். முறையான சிகிச்சையிலும் அமர்வுக்குப் பிந்தைய நாட்களில் கெட்ட கனவும் புதிய நினைவுகளும் வரலாம். அதை முன்கூட்டியே சொல்வது சிகிச்சையாளரின் கடமை. திடீரென்று சுற்றுப்புறமே மறந்து உறைந்துபோகிறவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், வலிப்பு நோயோ கண் பிரச்சினையோ உள்ளவர்கள் அதை முதலிலேயே தெரிவிக்க வேண்டும். அடிக்கிற கணவனோடு இன்னும் அதே வீட்டில் இருப்பவருக்கு முதல் தேவை பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண் அதற்கானது. நினைவின் கூர்மை மழுங்கக்கூடும் என்பதால், வழக்கு நடக்கிறது என்றால் வாக்குமூலம் பற்றி வழக்கறிஞரிடமும் பேசிக்கொள்வது நல்லது. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை.

சிகிச்சையாளர்களே குறைவாக உள்ள நாட்டில் இத்தனை நிபந்தனையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஈ.எம்.டி.ஆர். ஒன்றுதான் வழி என்றால்தானே கிடைத்ததை ஏற்க வேண்டும்? மனக்காயத்துக்கென வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும் வலுவான சான்று உண்டு. அரைகுறை கண்ணசைவைவிட, முறையாகத் தரப்படும் அந்தச் சிகிச்சை எவ்வளவோ மேல். எனவே பதிவு எண்ணைக் கேளுங்கள். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு, மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு. அதற்கு மேல், ஈ.எம்.டி.ஆர். பயிற்சியை எங்கே பெற்றார், யார் மேற்பார்வையில் பழகினார் என்றும் கேட்கலாம். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசு நடத்தும் அல்லது நிதி தரும் மனநல சேவையைப் பெறும் உரிமையையும், சிகிச்சை பற்றிய தகவல், ரகசியக் காப்பு, மருத்துவப் பதிவேடுகள் ஆகியவற்றுக்கான உரிமையையும் தருகிறது. உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதன் 21-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் உங்கள் பாலிசி புறநோயாளிச் செலவைத் தருமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். மனநல நிலையத்தில் குறை இருந்தால் முதலில் அதன் பொறுப்பாளரிடமும், பதில் திருப்தி தராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அதன்பின் மாநில மனநல ஆணையத்திடமும் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கிய தனியார் ஆலோசனை மையம் என்றால் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கட்டணமின்றி, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.