பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு நிறுவுங்கள்!

பழைய மடிக்கணினியில் பைத்தான் படிக்கும் பிள்ளைகளுக்கு

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடம், பைத்தானில் வரைபடம் போடுவது. அதற்கு ‘மேட்பிளாட்லிப்’ என்ற தொகுப்பு வேண்டும். நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டியில், அக்கா பள்ளியில் வாங்கிய விலையில்லா மடிக்கணினியை மடியில் வைத்து, அப்பாவின் செல்போன் டேட்டாவில் அதை இறக்க உட்காரும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். கணினியில் இருப்பது விண்டோஸ் 7.

முதல் தடங்கல் பைத்தானிலேயே வரும். பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7-ல் வேலை செய்யாது, 3.8 வரைதான். சரி, 3.8-ஐ நிறுவியாயிற்று. அடுத்து, யாரோ அனுப்பிய பட்டியலைப் பார்த்து, மேட்பிளாட்லிப்புக்குத் துணையான ‘நம்பை’ தொகுப்பின் 2.0 பதிப்பைக் கேட்டால், பொருத்தமான வெளியீடே இல்லை என்று திரையில் செய்தி வரும். அப்படி ஒரு தொகுப்பே கிடையாதோ என்று பிள்ளை குழம்பிப்போகும். தொகுப்பு இருக்கிறது. 2024 ஜூனில் வந்த நம்பை 2.0-க்குக் குறைந்தது பைத்தான் 3.9 தேவை, அவ்வளவுதான். 3.8-க்கு நம்பை 1.24, மேட்பிளாட்லிப் 3.7 வரிசைகளே கடைசி. பாடத்துக்கு அவை தாராளமாகப் போதும்.

நாமக்கல்லில் லாரிக்கு உதிரிபாகம் கேட்டால், வண்டி எந்த வருஷத்து மாடல் என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். ‘பிப்’ நிறுவியும் அதையே செய்கிறது. ஒவ்வொரு தொகுப்பும் தனக்கு எந்த பைத்தான் தேவை என்று தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. 2016-ல் வந்த பிப் 9 முதல், அந்தக் குறிப்பைப் படித்துப் பொருந்தாததை ஒதுக்கிவிடுகிறது. பிப் அதைவிடப் பழையதாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கோப்பின் பெயரிலும் விவரம் இருக்கிறது. ‘சிபி38’ என்றால் பைத்தான் 3.8, ‘வின்32’ என்றால் விண்டோஸுக்கான 32 பிட் பைத்தான், ‘வின்_ஏஎம்டி64’ என்றால் 64 பிட் பைத்தான். கணினியில் உள்ள பைத்தானோடு இவை பொருந்தாவிட்டால் அந்தக் கோப்பு பொதுவாக ஏறாது.

மேட்பிளாட்லிப் தனியாகவும் வராது. நம்பை, பில்லோ, கிவிசால்வர் என்று ஒரு கூட்டமே கூட வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபந்தனை உண்டு. நிறுவி முடித்ததும் ‘பிப் செக்’ கட்டளை கொடுத்தால், எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று அதுவே பெயர் சொல்லிக் காட்டிவிடும். இணையம்கூட வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. ‘பிப் டவுன்லோடு’ கட்டளையில் பைத்தான் பதிப்பையும் இயங்குதளத்தையும் குறிப்பிட்டால், வேறொரு புதிய கணினியிலிருந்தே பழைய கணினிக்குரிய கோப்புகளை இறக்கலாம். ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டால், ஆய்வகம் முழுக்க இணையம் இல்லாமலே நிறுவலாம். பிள்ளைகளின் டேட்டாவும் மிச்சம்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், பைத்தான் 3.8-க்கு 2024-லும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆகவே இந்தக் கணினியைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பண விவகாரம் வேண்டாம்.

நம் பிள்ளைகள் பலர் நிரலெழுதத் தெரியாமல் கைவிடுவதில்லை. நிறுவும்போதே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தவறு தங்களுடையது என்று நினைத்துக்கொள்வதுதான் இதில் பெரிய இழப்பு. பாடப்புத்தகத்தின் செய்முறைப் பக்கத்தில், எந்த இயங்குதளத்துக்கு எந்தப் பைத்தான், எந்தத் தொகுப்புப் பதிப்பு என்று ஒரு சிறு அட்டவணை அச்சிட வேண்டும். அதுவரை ஒவ்வொரு ஆசிரியரும் அதை ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டலாம். அரைப் பக்கம் போதும்.