வலிக்காத புண்

வாயில் புண் கண்டால் நம் இல்லங்களில் முதலில் எழும் சொல், "உடம்பில் சூடு ஏறிவிட்டது" என்பதே. உடனே மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் இலைக்கு வந்துவிடும். பெரும்பாலான புண்கள் அவற்றை உண்டாலும், உண்ணாவிடினும், பத்து நாளில் ஆறிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தினாலேயே, ஆறாத புண்ணையும் நாம் அதே கணக்கில் சேர்த்து வாளாவிருந்து விடுகிறோம்.

உதட்டின் உட்புறத்திலோ நாக்கின் அடியிலோ, நடுவில் வெளிறிய மஞ்சளும் சுற்றிலும் சிவந்த விளிம்புமாய்த் தோன்றும் வட்டப் புண்ணை அறியாதார் இலர். அளவில் சிறிது, எரிச்சலோ பெரிது. இது 7 முதல் 14 நாட்களுக்குள் வடுவின்றி ஆறும், பிறருக்குத் தொற்றாது. அடிக்கடி வருமாயின், இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவை குறைந்துள்ளனவா என இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது நன்று.

உடைந்த பல்லோ பொருந்தாத பல்செட்டோ உராய்வதாலும் புண் உண்டாகும். இங்கே குற்றவாளி புண்ணுக்கு நேரெதிரே நிற்பான். அவனைச் சரிசெய்த பின் இரண்டு வாரத்தில் புண் ஆற வேண்டும். ஆறாவிடில், பல்லின்மேல் நாம் சுமத்திய பழி பொய்யென்று கொள்ள வேண்டும்.

வெள்ளைத் திட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். மருத்துவர் முதலில் ஒரு துணியால் அதைத் துடைத்துப் பார்ப்பார். தயிர்த் திரிபோல் வழித்து வந்து, அடியில் சிவந்த தோல் தெரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைக் காளான். கைக்குழந்தைகள், நீரிழிவு உடையோர், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்தை உறிஞ்சுவோர், இரவிலும் பல்செட்டைக் கழற்றாதோர் ஆகியோருக்கு இது வரும், மருந்துக்கு அடங்கும். இரு கன்னங்களிலும் பின்னல் வேலைபோல் வெண்கோடுகள் படர்ந்திருந்தால் அது லைக்கன் பிளேனஸ் என்னும் வேறொரு நோயாக இருக்கலாம்.

துடைத்தும் போகாத திட்டு, வேறு எந்த நோயாலும் வந்ததன்று எனத் தெளிந்தபின், லூக்கோபிளேக்கியா எனப்படும். 1877இல் ஸ்விம்மர் என்ற ஹங்கேரிய மருத்துவர் இட்ட பெயர் அது. இது வலிப்பதில்லை. இதில் ஒரு சிறு பகுதியே பின்னாளில் புற்றுநோயாக மாறுகிறது; ஆயின் எது மாறும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. வெல்வெட்டுத் துணிபோல் சிவந்த திட்டு, வெள்ளையினும் கொடியது. அதுவும் பெரும்பாலும் வலிப்பதில்லை.

அடுத்து, பாக்கு. தாம்பூலத் தட்டைக் குறைகூற நமக்கு மனம் வருவதில்லை. ஆயினும் பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நாளடைவில் நாராக இறுக்கிவிடுகிறது. முதலில் காரம் பொறுக்காது. பின் கன்னம் வெளிறி விறைக்கும். வாய் திறப்பது குறுகும். கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இந்நிலையைக் கண்டு 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் எழுதினார். நம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கிடையே நுழைக்க இயலாவிட்டால் ஐயம் கொள்ளலாம். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்தது. பொட்டலத்தில் விற்கும் வாசனைப் பாக்கும் இதற்கு விலக்கன்று.

இத்தனை அறிந்தும் பலர் மருத்துவரிடம் செல்லத் தயங்குவது ஏன்? "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற அச்சமே. இவ்வச்சத்துக்கு ஆதாரம் இல்லை. மரத்துப்போகும் ஊசியிட்டு, அரிசியளவு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பதே பயாப்ஸி. அதைத் தள்ளிப்போடும் மாதங்களில்தான் நோய் கழுத்துக் கட்டிகளுக்குப் பரவுகிறது.

கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று மக்களின் வாய்களைப் பார்த்தனர். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் நேர்ந்த இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அவர்கள் நம்பியது வெளிச்சத்தையும் கண்ணையுமே.

அவ்வாறு பார்ப்பது வீட்டிலும் இயலும். மாதம் ஒருமுறை, பல்செட்டைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடிமுன் நின்று, உதடுகளை மடித்தும், கன்னங்களை விரலால் விலக்கியும் பார்க்க வேண்டும். நாக்கை வெளியே நீட்டி இரு ஓரங்களையும், மேலே தூக்கி அடிப்புறத்தையும் காண வேண்டும். நாக்கின் ஓரமும் அடியுமே பலர் பாராமல் விடும் இடங்கள். கண் மங்கிய பெரியவர்களுக்கு மகளோ மருமகளோ டார்ச் பிடித்துப் பார்க்கலாம். இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், திட்டு, தடிப்பு எதுவாயினும், வலிக்காவிட்டாலும், பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சோதனையில் தீங்கில்லை எனத் தெரிந்தாலும் திட்டு இருக்கும்வரை அவர் குறிக்கும் நாட்களில் மறுபடி சென்று காட்டுவதும், புகையிலையையும் பாக்கையும் அன்றே நிறுத்துவதும் மருத்துவத்தின் பகுதிகளே.